மோட்டர் ஓடுது, தண்ணி வரேல்லை: கிணற்று மோட்டர் கோளாறுகளுக்கு ஒரு வழிமுறை

யாழ்ப்பாணத்து வீடுகளில் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்திலோ கிணற்றுக்குள் தட்டொன்றிலோ இருந்து மேல் தாங்கிக்கு இறைக்கும் அரை எச்.பி. முதல் ஒன்றரை எச்.பி. வரையான ஒற்றை பேஸ் மோட்டர்களுக்கு இது. குழாய்க்கிணற்றுக்குள் இறக்கும் சப்மேர்சிபிள்களுக்கு இது சரிவராது. அவற்றில் வீட்டுக்காரர் பார்க்கக்கூடியது பிரேக்கரும் கொன்ட்ரோல் பெட்டியும்தான்.

பழுது என்று கழற்றிக்கொண்டு கடைக்குப் போகும் மோட்டர்களில் நிறையவற்றில் மோட்டர் பழுதாகவே இருப்பதில்லை. புட்வால்வில் (உறிஞ்சு குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) ஊத்தை, உறிஞ்சு குழாயில் ஒரு மயிரிழை வெடிப்பு, அல்லது கப்பாசிற்றர் (மோட்டர் சுழலத் தொடங்க உதவும் சிறு மின் உறுப்பு). ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் பாருங்கள். காசு செலவாகாதது முதலில், கொயில் கட்டுவது (மோட்டருக்குள் உள்ள கம்பிச் சுற்றைப் புதிதாகச் சுற்றுவது) கடைசியில்.

## கை வைக்க முதல்

சுவிச்சை அமத்துவது போதாது. பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லாமல் நேராக வயர் போயிருந்தால் பிரேக்கரை இறக்கிவிட்டு ரெஸ்ரரால் பாருங்கள். கிணற்றடி எந்த நேரமும் ஈரம். செருப்பில்லாமல் வேலை செய்யவேண்டாம்.

மின்சாரம் இல்லாத நேரம் மண்ணெண்ணெய், பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகை கிணற்றுக்குள் தங்கும். நஞ்சான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்குள் இறங்கியவரை மேலே தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் போய்விடுவார். புட்வால்வு பார்க்கவும் ஆள் இறங்கத் தேவையில்லை, குழாயை மேலே இழுத்து எடுங்கள்.

ஒரு ரெஸ்ரர், ஒரு மல்ரிமீற்றர், 10 லீற்றர் வாளி, த்ரெட் ரேப், இரண்டு ஸ்பானர், கல் கட்டிய கயிறு. இவ்வளவும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும்.

## அறிகுறி 1: மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை

முதலில் அமத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடினால், தண்டின் வழியே தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கருகும். "கொஞ்சம் ஓடட்டும், இழுக்கும்" என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் சிறிய கோளாறைப் பெரியதாக்குகிற பழக்கம்.

### கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

கயிற்றை விட்டு அளவெடுங்கள். மோட்டரின் மட்டத்திலிருந்து தண்ணீரின் மட்டத்துக்கு எத்தனை அடி என்பதே கேள்வி, கிணற்றின் மொத்த ஆழம் அல்ல. 25 அடிக்கு மேல் என்றால் மேலே இருக்கும் சாதாரண மோட்டர் உறிஞ்சாது, அது எந்தக் கம்பனியின் மோட்டராக இருந்தாலும். மாரியில் நன்றாக இறைத்த மோட்டர் ஆவணி, புரட்டாதியில் திடீரென்று நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம். மோட்டரைக் கிணற்றுக்குள் தட்டடித்துக் கீழே இறக்குவது ஒரு வழி. அப்படி இறக்கினால் மாரியில் ஏறும் மட்டத்தை யோசித்துத் தட்டை வையுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகையில் மோட்டர் மூழ்கும். இரண்டு குழாய் போகும் ஜெற் பம்ப் அல்லது சப்மேர்சிபிள் மற்ற வழி. இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

25 அடிக்குள் என்றால், புட்வால்வு தண்ணீருக்குள் இருக்கிறதா? குறைந்தது ஒன்றரை அடி தண்ணீர் அதற்கு மேலே நிற்கவேண்டும். அதற்குக் குறைந்தால் சுழியோடு காற்றையும் இழுக்கும். அடியிலிருந்தும் ஒன்றிரண்டு அடி தூக்கி இருக்கவேண்டும், இல்லையென்றால் சேற்றை உறிஞ்சும்.

### தண்ணீர் விட்டு நிரப்பிப் பாருங்கள்

பம்பின் தலையில் உள்ள மூடியைக் கழற்றி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு இஞ்சிக் குழாய் 25 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் பிடிக்கும். ஒன்றேகால் இஞ்சியானால் 8 லீற்றர். ஒரு வாளி முழுக்க ஊற்றியும் நிரம்பவில்லையென்றால் கீழே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். நிரம்பிவிட்டால் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

### மட்டம் இறங்குகிறது என்றால்: புட்வால்வு

குழாயை இழுத்து எடுத்து வால்வைக் கழற்றுங்கள். இலை, பாசி, சிறு கல், சில வேளை தவளைக்குஞ்சு. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. அதனால் வால்வின் வாயில் வெள்ளையாகக் கல்லுப் படிந்து மூடி சரியாகக் குந்தாது. வினாகிரியில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். பழப்புளித் தண்ணீரும் வேலை செய்யும், நேரம் கூட எடுக்கும். கத்தியால் சுரண்டவேண்டாம். வாயில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வால்வு பிறகு ஒருநாளும் பிடிக்காது.

திருப்பிப் பூட்ட முதல் வால்வை நிமிர்த்திப் பிடித்து உள்ளே தண்ணீர் விடுங்கள். ஒழுகினால் றப்பர் வாசர் போய்விட்டது. வாசர் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் புதிய வால்வு போடுங்கள், பித்தளையாக இருந்தால் நல்லது. மலிவான பிளாஸ்டிக் வால்வில் ஸ்பிறிங் கறள் பிடித்தால் அடுத்த மாரிக்குள் இதே வேலை திரும்ப வரும்.

### மட்டம் அப்படியே நிற்கிறது, போட்டால் மட்டும் தண்ணீர் இல்லை என்றால்: காற்று

புட்வால்வு நல்லது. மோட்டர் உறிஞ்சும்போது மேலே எங்கோ காற்று நுழைகிறது. சந்தேகப்படவேண்டிய இடங்கள் இந்த ஒழுங்கில்: தண்ணீர் ஊற்றும் மூடியின் வாசர், பம்ப் வாயில் உள்ள யூனியன், வெயில் படும் எல்போக்கள், கிணற்றுக்கட்டுக்கு மேலாகப் போகும் பி.வி.சி. துண்டு. அந்தத் துண்டு வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பு போல வெளிறி நொறுங்கும். கைப்பிடியால் லேசாக வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும்.

சவர்க்கார நுரை போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது உறிஞ்சு குழாயில் உதவாது. காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. பதிலாக ஒவ்வொரு மூட்டிலும் தடிப்பாகக் கிறீஸ் அப்பி, அல்லது ஈரத்துணியால் இறுக்கிச் சுற்றி, தண்ணீர் நிரப்பி மோட்டரைப் போடுங்கள். எந்த மூட்டை மூடியதும் தண்ணீர் ஏறுகிறதோ அதுதான் களவாளி. மூட்டைக் கழற்றிப் பழைய ரேப்பைச் சுத்தமாக எடுத்து, மரை சுற்றும் பக்கமாகவே புது ரேப் 10, 12 சுற்றுச் சுற்றிப் பூட்டுங்கள். சொலூசன் போட்ட மூட்டு ஒழுகினால் மேலே பூசுவது நிற்காது. வெட்டி, புது சொக்கற் போடவேண்டும்.

மூட்டெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? கிணற்றிலிருந்து மோட்டருக்குப் போகும் படுக்கைக் குழாய் மோட்டரை நோக்கி மெல்ல ஏறியபடி இருக்கிறதா பாருங்கள். நடுவில் முதுகு தூக்கினால் அந்த முதுகில் காற்றுத் தங்கும்.

### கொயில் கட்டி வந்த பிறகுதான் இப்படி என்றால்

சுழலும் திசையைப் பாருங்கள். பம்பின் உடம்பில் அம்புக்குறி இருக்கும். கட்டும்போது நுனி மாறிக் கொடுத்திருந்தால் மோட்டர் மறுபக்கம் சுழன்று, தண்ணீர் வராது அல்லது சொட்டும். கட்டியவரிடமே திருப்பிக் கொடுங்கள், இரண்டு நுனி மாற்றும் வேலை.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் வரவில்லை என்றால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், அல்லது தண்டில் கழன்று சுழலலாம். பம்ப் தலையைத் திறக்கவேண்டும். காஸ்கற்றும் சீலும் கையில் இல்லாமல் திறக்காதீர்கள். ஆளைக் கூப்பிடும் இடம் இது.

## அறிகுறி 2: தண்ணீர் வருகிறது, ஆனால் மெல்ல

மோட்டர் புதிதாக இருக்கும்போது 10 லீற்றர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று சுவரில் எழுதி வைத்திருந்தால் இந்த இடத்தில் பாதி வேலை மிச்சம். நல்ல அரை எச்.பி. மோட்டர் நிலமட்டத்தில் பிடித்தால் 20 விநாடி அளவில் நிரப்பும். தாங்கியின் வாயில் பிடித்தால் அதைவிட நேரம் எடுக்கும். இரண்டையும் குழப்பக்கூடாது.

நிலமட்டத்தில் நல்ல வேகம், தாங்கியில் மட்டும் மெல்ல என்றால் கோளாறு மேலே போகும் குழாயில். கேற் வால்வு பாதி மூடியிருக்கலாம். பிடி சுழன்றாலும் உள்ளே தகடு கழன்று விழுந்து அடைக்கும் பழைய வால்வுகள் உண்டு. தாங்கி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் போல் வால்வின் ஓட்டையில் கல்லுப் படிந்திருக்கலாம்.

தொடக்கத்தில் வேகம், 10 நிமிடத்தில் குறைகிறது என்றால் மோட்டரைத் தொடாதீர்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள். ஊற்றைவிட இறைப்பு வேகமாக இருக்கிறது. 15 நிமிடம் இறைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். இதற்குப் பெரிய மோட்டர் வாங்கிப் போடுவது இங்கே நடக்கும் மிகத் தவறான மருத்துவம். கரையோரத்திலும் தீவகத்திலும் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் இருக்கிறது. வேகமாக இழுத்தால் கீழிருந்து உவர் ஏறி, கிணறே கெடும். அங்கே சிறிய மோட்டரும் நீண்ட நேரமும்தான் சரி.

பின்னேரத்தில் மட்டும் மெல்ல என்றால் வோல்ற்றேஜ். மாலை 6.30 இலிருந்து 10.30 வரை எல்லா வீட்டிலும் பாவனை கூட. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கவேண்டும், நிற்கும்போது அளந்து பயனில்லை. 230 இலிருந்து 6 வீதம் ஏறி இறங்கலாம் என்பது கணக்கு, அதாவது 216 வரை பரவாயில்லை. மெயின் போட்டிலேயே 200 இற்குக் கீழ் என்றால் மின்சாரசபையிடம் முறையிடுங்கள், அதுவரை விடியற்காலையில் இறையுங்கள். போட்டில் 225, மோட்டரடியில் 195 என்றால் பிழை உங்கள் வயரில். கிணற்றடிக்கு லைற் வயரான 1/1.13 இழுத்திருப்பார்கள். அதைவிடத் தடித்த 7/0.67 போடவேண்டும்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது என்றால், புட்வால்வின் வலை அல்லது இம்பெல்லர் தேய்வு. வலையை நீங்கள் பார்க்கலாம்.

## அறிகுறி 3: "ம்ம்ம்" என்று முனகுகிறது, சுழலவில்லை

ஐந்து விநாடிக்குள் அமத்துங்கள். நின்றபடி கரண்ட் இழுக்கும் மோட்டரின் கொயில் சில நிமிடத்தில் எரிந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் அதே கணக்குத்தான்.

### தண்டு கையால் சுழல்கிறதா?

பிளக்கைக் கழற்றி, பின்பக்க விசிறி மூடியை எடுத்து விசிறியைக் கையால் சுற்றுங்கள். சில மோட்டர்களில் தண்டின் நுனியில் வெட்டு இருக்கும், ஸ்குரூ ட்றைவரால் திருப்பலாம்.

சுழலவில்லை என்றால் பிடித்துவிட்டது. சிறிய பெரிபெரல் மோட்டர்களில் பித்தளை இம்பெல்லருக்கும் உடம்புக்கும் இடையில் கடதாசி அளவு இடைவெளிதான். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்வந்தால் கறளும் கல்லும் சேர்ந்து பிடித்துவிடும். கொஞ்சம் வினாகிரியைப் பம்ப் வாயால் விட்டு இரவு முழுக்க வைத்து, இரு பக்கமும் மாறி மாறி மெல்லத் திருப்புங்கள். விட்டுக்கொடுத்ததும் வினாகிரியை வெளியே இறைத்துக் கழுவிவிட்டுத்தான் தாங்கிக் குழாயைப் பூட்டவேண்டும். விசிறியைக் குறட்டால் பிடித்து முறுக்கினால் பிளாஸ்டிக் இறகு உடையும். இதற்கும் அசையாவிட்டால் ஆளிடம் கொடுங்கள்.

### நன்றாகச் சுழல்கிறது, கரண்ட் போட்டால் மட்டும் முனகுகிறது என்றால்: கப்பாசிற்றர்

இது மலிவான பகுதி, அடிக்கடி போகும் பகுதி. மேற்பக்கம் பொருமியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால், அளந்து பார்க்கவே தேவையில்லை. வெளியே அழகாக இருந்தும் உள்ளே இறந்திருக்கும், மைக்ரோ (கப்பாசிற்றரின் அளவான மைக்ரோபரட்) அளக்கும் மீற்றர் இருந்தால் பாருங்கள். எழுதியதற்குப் பத்து வீதத்துக்கு மேல் குறைவு என்றால் மாற்றுங்கள்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றருக்குள் கரண்ட் தங்கியிருந்து அடிக்கும். அதை இறக்க, பழைய குண்டு பல்ப் ஒன்றின் இரண்டு வயரையும் அதன் இரண்டு முனையிலும் சில விநாடி வையுங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு ஆகாது.

கடைக்குப் பழையதையே கொண்டுபோங்கள். அரை எச்.பி.க்கு 10 அல்லது 12.5 மைக்ரோ, ஒரு எச்.பி.க்கு 20 அல்லது 25 என்று வரும். ஆனால் உங்கள் மோட்டரின் தகட்டில் உள்ளதுதான் சரி. வோல்ற் 450 ஆக இருக்கட்டும். "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லா இழுக்கும்" என்று கடையில் சொல்வார்கள். கேட்கவேண்டாம், கொயில் சூடாகும்.

புதிய கப்பாசிற்றர் போட்டும் முனகினால் கொயில். அத்தோடு நிறுத்துங்கள்.

## அறிகுறி 4: சத்தமும் இல்லை, அசைவும் இல்லை

பிளக்கில் வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள். கரண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் பிரேக்கர், பியூஸ், வயர். இருக்கிறது என்றால் மோட்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே உள்ள வெப்பக் காப்பு வெட்டியிருக்கிறது. முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டால் தானாக வரும், ஆனால் ஏன் சூடானது என்பதை அறிகுறி 6 இல் பார்க்கவேண்டும்.

பைப் திறந்ததும் மோட்டரைத் தானாகப் போடும் ஓட்டோமற்றிக் உள்ள வீடுகளில் எறும்பு ஒரு பெரிய பிரச்சினை. பிறசர் சுவிச்சின் மூடியைத் திறந்தால் தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகள், பல்லி முட்டை, ஒரு சிறு மண்கூடு. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் துடைத்து, கருகிய முனையை நுண்மையான சான்ட் பேப்பரால் ஒருமுறை உரசுங்கள். வயர் நுழையும் ஓட்டையை றப்பரால் அடையுங்கள்.

## அறிகுறி 5: போட்டவுடன் வீடே இருளுகிறது

எது விழுந்தது என்று பாருங்கள். ட்ரிப் சுவிச் விழுந்தால் கரண்ட் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது. மழைக்கு அடுத்த நாள் என்றால் முதலில் மோட்டரின் வயர்ப்பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். துடைத்து, வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, மூடியின் றப்பர் சரியாகக் குந்துகிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். மல்ரிமீற்றரில் கொயில் நுனிக்கும் உடம்புக்கும் இடையில் தொடர்பு காட்டினால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. தொடர்பு காட்டாவிட்டாலும் நல்லது என்று உறுதியில்லை, எலக்ரீசியன் மெகர் (மின் கசிவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கவேண்டும்.

பிரேக்கர் மட்டும் விழுந்தால் ஒன்றில் ஷோட், அல்லது தண்டு பிடித்திருக்கிறது. அறிகுறி 3 இற்குப் போய் விசிறியைச் சுற்றிப் பாருங்கள்.

ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேராக இணைப்பதும், ஏர்த் வயரைக் கழற்றிவிட்டு "இப்ப விழேல்லை" என்று சந்தோசப்படுவதும் ஒன்றுதான். அந்த மோட்டரைத் தொடும் முதல் ஆள் ஏர்த் வயராகிறார். அப்படிச் செய்து தருகிறேன் என்று சொல்லும் ஆளை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். கழற்றி, நல்ல தண்ணீரால் சேறு கழுவி, கடையில் கொயிலைச் சூட்டில் காயவைத்து மெகர் பார்த்த பிறகுதான் கரண்ட். வெயிலில் இரண்டு நாள் வைத்தது காணாது.

## அறிகுறி 6: சூடு, கீச்சொலி, கருகல் மணம், ஒழுகல்

மோட்டருக்கும் பம்ப் தலைக்கும் நடுவில் உள்ள ஓட்டையால் சொட்டுகிறது என்றால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை அடைக்கவேண்டாம், தண்ணீர் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியே விடத்தான் அது இருக்கிறது. சீல் மலிவு. இன்று மாற்றினால் சீலோடு போகும். மூன்று மாதம் சொட்டவிட்டால் பெயாரிங், அதன்பின் கொயில்.

உரல் இடிப்பது போன்ற சத்தமும் விசிறியைச் சுற்றும்போது கரகரப்பும் என்றால் பெயாரிங். பழையதன் விளிம்பில் 6201, 6202 என்பது போல் இலக்கம் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிக் கூலி இரண்டுதரம் கொடுப்பது வீண். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

சத்தமில்லாமல் சூடு மட்டும் என்றால், மேலே சாக்கோ தகரமோ போட்டு மூடியிருக்கிறீர்களா? வெயிலுக்கு மறைப்பு வேண்டும், ஆனால் விசிறிப் பக்கம் ஓரடி திறந்திருக்கவேண்டும். அதுவும் சரி என்றால் கிளாம்ப் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எச்.பி. மோட்டர் 5, 6 அம்பியர் அளவில் இழுக்கும். தகட்டில் உள்ளதைவிடக் கூட இழுத்தால் கொயிலோ பெயாரிங்கோ.

கருகல் மணம் வந்தால் கொயில் போய்விட்டது. கட்டுவதா, புதிது வாங்குவதா? அரை எச்.பி. சிறிய மோட்டரைக் கட்டுவது பெரும்பாலும் நட்டம், கூலியோடு சீலும் பெயாரிங்கும் சேர்ந்தால் புதியதன் விலையை நெருங்கிவிடும். வார்ப்பிரும்பு உடம்புள்ள ஒரு எச்.பி., அதற்கு மேல் என்றால் கட்டுங்கள். செப்புக் கம்பியா அலுமினியமா என்று கொடுக்க முதலே கேளுங்கள், எரிந்த பழைய கம்பியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: யாரும் பைப் திறக்காமலே மோட்டர் தானாகப் போட்டு அமர்கிறது

ஓட்டோமற்றிக் வீட்டில் மட்டும் வருவது. எங்கோ ஒழுகுகிறது. கக்கூஸ் தாங்கியில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் காத்திருங்கள். கிண்ணத்தில் நீலம் இறங்கினால் ஆள் பிடிபட்டது. இல்லையென்றால் வீட்டுக்குப் போகும் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் போட்டு அமர்ந்தால் ஒழுகல் கிணற்றுப் பக்கம், புட்வால்வு தண்ணீரைத் திரும்ப விடுகிறது. அறிகுறி 1 இல் உள்ள ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள்.